சிலுவைக்கு அருகே ஓர் ஊதல்

எலோய் குடியை விட்டு ஆறு வருஷம் ஆகிறது. ஆனாலும் அவன் வண்டியில், மூச்சில் சாராயம் இருந்தால் கிளம்பவிடாத, நீதிமன்றம் மாட்டிவிட்ட கருவி இருக்கிறது. காலையில் ஊதினான். பூஜ்யம் காட்டியது. வண்டி கிளம்பியது. போகும் வழியிலும் ஒருமுறை ஊதச் சொல்லும்.

சிமாயோ சாலை வளைவில், பதினாறு வயது அரஸெலியை அவன் குடிபோதையில் வண்டியால் அடித்துப்போட்ட இடத்தில், அவள் அம்மா ஒர்லிண்டா நட்ட மரச்சிலுவை இருக்கிறது. அங்கே எல்லோரும் வேகத்தைக் குறைத்து நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டுக்கொள்வார்கள். எலோய் மட்டும் ஆக்ஸிலரேட்டரை மிதித்துக்கொண்டு போய்விடுவான்.

அன்று அங்கேதான் கருவி கத்தியது. ஊதினான். 0.19. அவளை அடித்த நாளில் போலீஸ் பிடித்தபோது காட்டிய அதே எண். ஹாரன் தானாக அலறியது. என்ஜினை அணைத்த பிறகே அடங்கியது.

ஒர்லிண்டா சிலுவைக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தாள்.

"சத்தியமா குடிக்கலைக்கா."

"தெரியும்டா," என்றாள், திரும்பாமலே. "அன்னிக்கு என் பொண்ணு கத்தினப்போ நிக்காமப் போனே. இது கத்தினா மட்டும் நிக்கிறே. போ, நாளைக்கும் ஊதுவே."

மறுநாள் மலையைச் சுற்றி வேறு வழியில் போனான். பாதி வழியில் கருவி கத்தியது. 0.19. அணைத்துவிட்டு இறங்கினான். சாலையோரம் அரஸெலியின் சிலுவை நின்றது. வெள்ளை இன்னும் காயவில்லை.