போதாத மார்க்

“நுழைவுத் தேர்வுல இவ எடுத்த மார்க்கே போதும்மா. தெருமுனைக் காலேஜ்லயே எம்.எஸ்ஸி. கிடைச்சிடும்” என்றான் மகன்.

“போதாது. இன்னொரு தடவை எழுதட்டும்” என்றாள் அம்மா, பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மருமகளின் முகம் தொங்கிப்போயிற்று. எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள்.

மாமியார் பின்னாலேயே வந்து குழாயை மூடினாள்.

“என்னால முடியாதுன்னு நினைக்கிறீங்களா அத்தை?”

“முடியும்னுதான் எழுதச் சொல்றேன். இன்னும் கொஞ்சம் மார்க் எடுத்தா வெளியூர்ல சேர்ந்து ஹாஸ்டல்ல தங்கலாம்.”

“இங்கேயே கிடைக்கிறப்ப எதுக்கு அத்தை ஹாஸ்டல்?”

“நானும் இதே காலேஜ்லதான் எம்.எஸ்ஸி. சேர்ந்தேன். பக்கத்துலதானேன்னு எல்லாருக்கும் சமைச்சு வெச்சுட்டுத்தான் கிளம்ப விடுவாங்க. முதல் பரீட்சைக்கு நான் போய்ச் சேர்றதுக்குள்ள கேட்டைச் சாத்திட்டாங்க.”