ஒன்பதாம் கேள்வி

ஜன்னல் வெயில் மேசை விளிம்பைத் தாண்டிக் கீபோர்டுக்கு வந்துவிட்டது. ஆய்வு மாணவி ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அதே ஏழு நொடிகளைப் பதினோராவது தடவையாகக் கேட்கிறாள். நோயாளியை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவர்களின் மனவருத்தம் பற்றி அவள் எடுத்த பேட்டிகளில் இது கடைசி. பேசுகிறவர் ஓய்வுபெற்ற தையல் ஆசிரியை. படுத்த படுக்கையாய்க் கிடந்த கணவரை மூன்று வருடம் கவனித்தவர். “கடைசி நாள் அவரு தண்ணி கேட்டாரு. நான்…” என்று நிறுத்துகிறார். அவர் வீட்டுச் சுவர்க்கடிகாரம் கேட்கிறது. டக், டக் என்று ஒரு பேனாவின் பொத்தானை அழுத்தும் சத்தம். அப்புறம் இவளுடைய குரலே அவசரமாக, “சரிம்மா, அடுத்த கேள்விக்குப் போலாமா?”

பக்கத்து மேசை சீனியர் எட்டிப் பார்க்கிறாள். “இன்னும் ஒம்பதாம் கேள்வியிலயே குடித்தனமாடி? ‘பதில் இல்லை’ன்னு போட்டு அட்டவணைய அனுப்பு. நாலு மணிக்கு கைடு கழுத்தப் பிடிப்பாரு.” அவள் ‘பதில் இல்லை’ என்று தட்டுகிறாள், அழிக்கிறாள், மறுபடி தட்டுகிறாள். அந்த இரண்டு சொற்களும் கட்டத்துக்குள் கச்சிதமாக உட்கார்ந்துகொள்கின்றன. ஹெட்போனைக் கழற்றிய பிறகும் டக், டக். திடுக்கிட்டுத் தன் கையைப் பார்க்கிறாள். அதே பேனா, அதே கட்டைவிரல். சொற்களை அழித்துவிட்டு ஆசிரியையின் எண்ணை அழுத்துகிறாள்.

“யாரு, அந்தப் பேனாக்காரப் பொண்ணா?”

“ஆமாம்மா. அன்னிக்கு நீங்க, தண்ணி கேட்டாருன்னு…”

எதிர்முனையில் கடிகாரம் மட்டும் கேட்கிறது. அவள் பேனாவைச் சீனியரின் மேசைக்கு உருட்டிவிட்டு, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறாள்.