மணி நிற்கும்வரை

மலையுச்சி முகாமுக்கு அரிசி மூட்டைகளைச் சுமந்துகொண்டு இரண்டு கோவேறு கழுதைகள் ஏறிக்கொண்டிருந்தன. முன்னால் போகிறவளின் கழுத்தில் மணி. மேகம் மூடிய பாதையில் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் மற்றவர்கள் நடக்க வேண்டும். எல்லாருக்கும் கடைசியில், கண்ணுக்கே தெரியாத தூரத்தில், அவர்களை ஓட்டுகிற ஆள் வந்தான்.

மணிக்காரிக்குக் காலையிலிருந்தே தலை இடித்தது. கொள்ளுத் தீவனத்தைப் பார்த்தாலே குமட்டியது. இழுத்த மூச்சு பாதி வழியிலேயே திரும்பிப் போனது.

"அக்கா, உனக்கு முடியலைன்னு நடையிலேயே தெரியுது. கொஞ்சம் நில்லேன்" என்றாள் பின்னால் வந்த இளையவள்.

"நின்னா மணி நின்னுடும். அந்த மனுசன் என்ன நினைப்பான்? நீ நல்லாத்தானே வர்றே? பேசாம வா."

நல்லா வருகிறவள் என்று சொன்ன பிறகு இளையவள் என்ன பேசுவாள்? மணியின் பின்னாலேயே நடந்தாள்.

அடுத்த வளைவில் கற்களெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தன. மணிக்காரியின் முன்னங்கால்கள் அவளைக் கேட்காமலே மடிந்தன. மணி நின்றது.

"போச்சு, என்னால எல்லாருக்கும் தாமதம்" என்று அவள் முனகி முடிப்பதற்குள் இளையவளும் பக்கத்தில் பொத்தென்று விழுந்தாள்.

"எனக்கு நேத்தே முடியலை, அக்கா."

மேகத்துக்குள்ளிருந்து அந்த ஆள் தள்ளாடி வந்தான். குச்சியை ஓங்கப்போகிறான் என்று இருவரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். குச்சி தரையில் விழுந்தது. மணிக்காரியின் வயிற்றில் சாய்ந்து உட்கார்ந்து அவன் தன் தலையைப் பிடித்துக்கொண்டான்.

"அடிப்பாவி, இந்த மணி எப்போ நிக்கும்னு அடிவாரத்துலேருந்து பார்த்துக்கிட்டே வர்றேன்."