அப்படியா?

"ஒரு கையெழுத்து போட அந்த மனுஷனுக்குக் கை வலிக்குதா?"

பல் டாக்டரம்மா மத்தியானமே கிளினிக்கைப் பூட்டிவிட்டு, கணவருடைய நண்பரை ஒரு பிடி பிடிப்பதற்காகக் கிளம்பினாள்.

கணவர் விஞ்ஞானி. கண்ணாடி ஜாடித் தண்ணீரில் மின்சாரம் விட்டால், விட்டதைவிட அதிகமாகச் சூடு வருகிறது என்று போன மாதம் கண்டுபிடித்திருந்தார். சூரியனுக்குள் நடக்கிற அணுச்சேர்க்கை மேஜை மேலேயே நடக்கிறதாம். 'குளிர் இணைவு' என்று பெயர். ஆய்வுக்கூடமே எழுந்து நின்று கைதட்டியது. நாளைக் காலை பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள். அறிக்கையில் கூட வேலை பார்க்கும் ஐந்து பேரின் கையெழுத்து வேண்டும்.

நண்பர் மட்டும் "அப்படியா?" என்றார்.

எதைச் சொன்னாலும் அதைத்தான் கேட்பார். கல்லூரி நாளிலிருந்தே அவருக்குப் பட்டப்பெயர் 'அப்படியா'. போதாததற்கு, "தண்ணியக் கலக்கிட்டு அளந்தியா?" என்றும் கேட்டுவைத்தார்.

"கலக்குறதுக்கு நான் என்ன காபியா போடறேன்?" என்று கத்திவிட்டு வந்த கணவர் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

'தினமும் ரெண்டு வேளை பல் தேய்க்கிறேன்' என்று யார் சொன்னாலும், "எங்கே, வாயைத் திறங்க" என்பவள்தான் டாக்டரம்மா. கணவர் விஷயத்தில் மட்டும் திறந்து பார்க்காமலே நம்பிவிடுவாள்.

நண்பர் கதவைத் திறந்தார். உட்காரச் சொல்லிவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனார். சண்டையை ஆரம்பிக்கிற அவசரத்தில் அவளும் பின்னாலேயே சமையலறைக்குள் போனாள்.

மேடையில் அதே மாதிரி ஜாடி. அதே கம்பிகள். அதே தெர்மாமீட்டர்.

கையெழுத்து போடாததன் மர்மம் இப்போதல்லவா புரிகிறது!

"நீங்களே செஞ்சு பேர் வாங்கிக்கலாம்னு பார்த்தீங்களா அண்ணா?"

அவர் ஒரு நோட்டை எடுத்து நீட்டினார்.

முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில், 'சூடு! ஜெயிச்சுட்டான்டா!'

அதற்குக் கீழே சின்ன எழுத்தில், 'கரண்டியால் கலக்கினேன். கம்பிப் பக்கம் மட்டும்தான் சூடு. போச்சு.'

அடுத்தடுத்த பக்கங்களில் தேதி போட்டு, 'கலக்கினேன். சூடு இல்லை.' மொத்தம் நாற்பத்தோரு தடவை. கடைசித் தேதி நேற்று.

"நாளைக்கு ஒரு பத்திரிகைக்காரன் கரண்டியோட வந்துட்டா, உன் வீட்டுக்காரன் பேர் என்னம்மா ஆகும்?"

டாக்டரம்மாவின் கோபம் போன இடம் தெரியவில்லை.

"முதல் தடவையே தெரிஞ்சுபோச்சே அண்ணா. அப்புறம் எதுக்கு இத்தனை தடவை?"

"ஒரு தடவையாவது அவன் சொன்னது சரியா வந்துடாதான்னுதாம்மா."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கரண்டியைக் கழுவ ஆரம்பித்தார்.

அவள் செல்போன் அடித்தது. கணவர். குரலில் உற்சாகம் வழிந்தது.

"அவன் கிடக்கிறான், விடு. மத்த நாலு பேரும் போட்டுட்டாங்க. என் மேல எவ்வளவு நம்பிக்கை தெரியுமா? ஒருத்தர்கூட ஜாடிப் பக்கம் எட்டிப் பார்க்கலை."

டாக்டரம்மா கை நீட்டி அந்தக் கரண்டியை வாங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"அப்படியா?" என்றாள்.