நாற்பத்திரண்டாவது நிமிடம்

"மூட்டையை இன்னும் கொஞ்சம் முன்னால தள்ளு மாப்ள. உங்க அக்கா தலை வைக்கிற பக்கம்தான் பாரம் விழணும்," என்றார் மரக்கடைக்காரர், பிக்கப் வண்டியின் பானெட்டுக்குள்ளிருந்து தலையை எடுக்காமலே.

பின்பக்கம் விரித்திருந்த மெத்தைமேல் மணல் மூட்டையை மைத்துனன் தள்ளினான். ஐம்பத்தெட்டு கிலோ. அக்காவின் எடைக்குச் சரியாக, மரக்கடைத் தராசிலேயே நிறுத்துக் கட்டியது.

"ஐம்பத்தாறு போதும் மாமா. அக்கா என்ன அவ்வளவு கனமா?"

"ஐம்பத்தாறு கல்யாணத்தப்போ நீங்க சொன்ன எடை. மிச்சம் ரெண்டு என் வீட்டுச் சாப்பாடு."

சிரிப்பு வரவேண்டிய பேச்சுதான். இருவருமே சிரிக்கவில்லை.

நாற்பது நிமிடம் என்பது டாக்டர் சொன்ன கணக்கு. இந்த மாதிரி நெஞ்சுவலிக்கு, வலி வந்த நாற்பது நிமிடத்துக்குள் பெரிய மருத்துவமனையில் கொண்டுபோய்ச் சேர்த்தால் ஆள் பிழைக்கும். தாண்டினால் கடவுள் விட்ட வழி. ஆம்புலன்ஸை நம்ப முடியாது. அது மேடேறி இங்கே வந்து சேரவே ஒரு மணி நேரம். இருப்பது இந்த வண்டி ஒன்றுதான். இருபத்தாறு வயது. மரம் சுமந்து சுமந்து முதுகு வளைந்தது. மேட்டைக் கண்டாலே மூச்சு வாங்கும்.

அதைத்தான் மரக்கடைக்காரர் ஞாயிறு தவறாமல் பிரித்துப் பூட்டிக்கொண்டிருந்தார். மெக்கானிக்கைக் கிட்டேயே விடவில்லை. பழைய இரும்புக்கடையில் பேரம் பேசிப் பெரிய வண்டியின் கார்பரேட்டரைக் கொண்டுவந்தார். அது பொருந்தவில்லை. நடுவில் வைக்க ஓர் அலுமினியத் தகட்டை மூன்று நாள் அரத்தால் ராவிப் பொருந்த வைத்தார். சைலன்சர் குழாயை அகலமாக்கினார். பின்னாலிருந்த இரும்புச் சட்டங்களைக் கழற்றி எடையைக் குறைத்தார். இன்றைக்கு டைமிங், எஞ்சினில் தீப்பொறி விழும் நேரம்.

"டிஸ்ட்ரிபியூட்டரை மயிரிழை திருப்பறேன். நீ ஆக்ஸிலேட்டரை மிதி. எஞ்சின் இடிக்குதான்னு கேளு."

இடித்தது. மயிரிழை பின்னால் திருப்பினார். இடிப்புச் சத்தம் நின்றது.

"கிழட்டுக் குதிரைக்கு எத்தனை லாடம்தான் அடிப்பீங்க?"

"அது ஓடுறவரைக்கும்."

"விட்டுடுங்க மாமா. முடியாதுன்னா முடியாதுதான்."

"அதை நீ சொல்லக் கூடாது. கடிகாரம் சொல்லணும்."

கடிகாரம் மைத்துனன் கையில் இருந்தது. கடைத்தெருவில் கடிகாரம் பழுதுபார்க்கிறவன் அவன். அவன் சொன்னால் அதுதான் மணி. ஓட்டுகிறவர் மணி பார்ப்பதில்லை என்பது மரக்கடைக்காரரே போட்ட சட்டம். கடையிலும் அப்படித்தான். மரத்தை அளக்கிறவன் ஒருவன், அளவை எழுதுகிறவன் இன்னொருவன். அளக்கிறவனே எழுதினால் வெட்டின மரமும் வளரும் என்பார்.

முதல் ஓட்டம் நாற்பத்தொன்பது நிமிடம். பிறகு நாற்பத்தாறு. பிறகு நாற்பத்திரண்டு. மிச்சமிருந்த அந்த இரண்டு நிமிடம், ஒரு மாதமாக என்ன செய்தும் மைத்துனன் சொன்ன கணக்கில் கரையவில்லை.

"மூணு மணி வெயில்லதான் கிளம்பணுமா? காலையில ரோடு காலியா இருக்குமே."

"ரோடு காலியா இருக்கான்னு பார்த்துட்டா வலி வரும்? ஏறு."

கிளம்பினார்கள். முன்பெல்லாம் மேட்டில் இரண்டாவது கியருக்கு இறங்கிய வண்டி, இன்று மூன்றாவதிலேயே ஏறியது. முன்னால் போன செங்கல் லாரியை வளைவுக்கு முன்பே தாண்டியது. மரக்கடைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். மைத்துனன் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தான்.

"கொஞ்சம் மெதுவா மாமா."

"உங்க அக்காவைப் பின்னால போட்டுக்கிட்டு மெதுவாவா?"

மரக்கடைக்காரர் ஆக்ஸிலேட்டரை இன்னும் அழுத்தினார்.

மருத்துவமனை வாசலில் வண்டி கிறீச்சிட்டு நின்றது. காவலாளி தள்ளுவண்டியோடு ஓடிவந்தான். மணல் மூட்டையைப் பார்த்ததும், போன வாரம் போலவே, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனான்.

"எவ்வளவு?" மரக்கடைக்காரர் பக்கத்தில் பார்க்கவில்லை. இரண்டு கைகளும் ஸ்டீயரிங்கை நெரித்துக்கொண்டிருந்தன.

மைத்துனன் குனிந்து பார்த்தான். முப்பத்தெட்டு நிமிடம் ஆகியிருந்தது.

"நாற்பத்திரண்டு," என்றான்.

"சரியாப் பாரு."

"மணி விஷயத்துல எனக்கேவா? நாற்பத்திரண்டு மாமா. போன வாரத்தைவிட ஒரு நொடி குறையல."

"அப்ப எவன் ஓட்டினாலும், எதை மாத்தினாலும் முடியாதுங்கிறே."

"முடியாது."

"யாராலயும்?"

"யாராலயும் முடியாது மாமா."

மரக்கடைக்காரரின் கைகள் ஸ்டீயரிங்கை விட்டு மடியில் விழுந்தன. நெடுநேரம் அடக்கியிருந்த மூச்சு ஒன்று வெளியே வந்தது.

"சரி," என்றார் மெல்ல. "இன்னும் நாலு நாளைக்குத் தூக்கம் வரும்."

போன வருடம் இதே வாசலில், ஐம்பத்து மூன்றாவது நிமிடத்தில், இந்த வண்டியிலிருந்து அக்காவை இறக்கியபோது அவளுக்கு உயிர் இல்லை. அதற்கு முன்பே நாலு ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கவனித்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள் என்பதை அவள் புருஷனிடம் சொல்ல, அவள் தம்பிக்கு ஒரு மாதமாக வாய் வரவில்லை.