கூழில் ஒட்டிய உறை

முன் பெஞ்சுகளில் ஊர்ப் பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். கடைசி பெஞ்சில் அம்சா மட்டும். சர்க்கார் உத்தரவால் சேரியிலிருந்து சேர்ந்த முதல் பிள்ளை. நாற்காலியில் சக்கரபாணி வாத்தியார். படிக்கு வெளியே, வெயிலில், கூழ்த்தூக்கோடு அம்மா சவுரியம்மாள் நிற்கிறாள். பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்தாவிட்டால் மல்லாட்டைக் கடலை பிடுங்க வரவேண்டாம் என்று நிலத்துக்காரர் காலையில் சொல்லிவிட்டார். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. அதனால் மகளின் பெயரை நீக்கச் சொல்லித் திண்டிவனம் கல்வி ஆபீசுக்குப் போகும் கடிதத்தை, வாத்தியார் சொல்லச் சொல்ல, அம்சாவே எழுதுகிறாள். ‘என் மகளுக்குப் படிப்பில் விருப்பமில்லாதபடியால்’ என்ற இடத்தில் பேனா நிற்கிறது. “எனக்கு விருப்பம் இருக்குதே, சார்.” “டேய், அதுக்கு விருப்பமாம்டா!” என்று முன்பெஞ்சு நடராசன் சிரிக்கிறான். “இது நீ சொல்றதில்ல, உங்கம்மா சொல்றது. எழுது,” என்கிறார் வாத்தியார். அம்சா அம்மாவைப் பார்க்கிறாள். “எழுதிடும்மா, ஜல்தி. ஆளுங்கல்லாம் மல்லாட்டைக் கொல்லைக்குப் போய்க்கினு இருக்காங்க,” என்கிறாள் சவுரியம்மாள், படியைப் பார்த்துக்கொண்டே. எழுதி முடித்து மை காய ஊதுகிறாள் அம்சா. ஓர் எழுத்துகூடச் சாயவில்லை. அம்மாவின் கைநாட்டைப் படியிலேயே வாங்கிக்கொள்கிறாள். உறைக்குப் பசை இல்லை. தூக்கிலிருந்து கேப்பைக்கூழைத் தொட்டு ஓரமெங்கும் தடவி அழுத்துகிறாள். வாசல் தூணில் தொங்கும் தபால்பெட்டி எட்டவில்லை. அம்மா இடுப்பைப் பிடித்துத் தூக்குகிறாள். உள்ளே ஏழாம் வாய்ப்பாடு தொடங்கிவிட்டது. அவள் வாயும் அதை முணுமுணுத்துக்கொண்டிருக்க, விரல்கள் கடிதத்தைப் பெட்டிக்குள் விட்டுவிடுகின்றன.