மணியை அடித்தது யார்

"யார் மணி அடிச்சாங்கன்னு தெரியற வரைக்கும் ஒருத்தரும் இந்த அறையை விட்டு நகர முடியாது," என்றார் இன்ஸ்பெக்டர்.

போதகரின் அலுவலக அறை அது. மேசை, நாற்காலி, அடுக்கியிருந்த பாட்டுப் புத்தகங்கள் எல்லாவற்றின் மேலும் சிமென்ட் தூள் படிந்திருந்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம், காலைவரை தேவாலயமாக இருந்த கட்டடம் கூரையில்லாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. பின்னால் மணிக்கூண்டு மட்டும் முழுசாக இருந்தது.

"பிரசங்கத்துல பாதி தாண்டியிருப்பேன், சார்," என்றார் போதகர். "திடீர்னு மணி. ஏழு தடவை. ஆராதனை நடுவுல மணி அடிச்சா ஆபத்துன்னு எங்களுக்கு ஒரு பழக்கம். பிள்ளைகளைத் தூக்கிட்டுப் பக்கத்துக் கதவு வழியா எல்லாரும் ஓடினோம். கடைசி ஆள் படி இறங்கினதும் கூரை அப்படியே உட்கார்ந்துடுச்சு. இருநூறு பேர். ஒருத்தருக்குக்கூடக் கீறல் இல்லை. கர்த்தர் செஞ்ச அற்புதம் இது."

"கர்த்தர் வந்து கயிறு இழுத்தார்னு நான் ரிப்போர்ட்ல எழுத முடியாது, ஐயா. மணி அடிக்கிற ஆள் எங்கே?"

"எங்க கோயில்பிள்ளையா? விடியறதுக்கு முன்னாடியே சைக்கிள்ல எங்கேயோ போயிருக்கார். பால்காரர் பார்த்திருக்கார். ஆராதனைக்கு முதல் மணிகூட இன்னைக்கு அடிக்கல."

"மேலே போற கதவு பூட்டிக் கிடக்கு. கீழே தொங்குற கயிறுதான் ஒரே வழி. அப்போ எவனோ இழுத்திருக்கான். கூரை விழப்போகுதுன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு."

இன்ஸ்பெக்டரின் பார்வை மூலையில் நின்ற கொத்தனாரிடம் போனது. ஆறு மாதத்துக்கு முன் அந்தக் கூரையைப் போட்டவர் அவர்தான். வாசலில் அவர் மனைவி, தோளில் தூங்கும் குழந்தையோடு நின்றாள்.

"வருஷம் முழுக்கக்கூடத் தாங்காத ஒரு கூரை. அதைப் போட என்னத்தைக் குழைச்சே, மாவா? கிளம்பு ஸ்டேஷனுக்கு."

"சார், அவர் அப்படிப்பட்டவர் இல்லை சார்," என்றாள் மனைவி.

"எல்லா வீட்டுலயும் இதேதாம்மா சொல்றாங்க. மணி அடிச்சவன் கிடைச்சா மாலை போடறேன். கூரை போட்டவனுக்கு விலங்குதான்."

கான்ஸ்டபிள் ஒருவர் அருகே வந்தார். கொத்தனார் குழந்தையைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"நான்தான் சார்."

"என்ன நீதான்?"

"மணி அடிச்சது நான்தான்."

போதகர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இவ்வளவு நேரம் வாயைத் தைச்சா வெச்சிருந்தே?"

"பயம் சார். தெரிஞ்சே விட்டுட்டான்னு சொல்வீங்களோன்னு. இன்னைக்கு லேட்டா வந்து பின்னாடி நின்னேன். நிமிர்ந்து பார்த்தா, நடு உத்தரத்துல விரிசல். விரல் நுழையற அளவு. நான் கத்தியிருந்தா ஒருத்தரை ஒருத்தர் மிதிச்சே செத்திருப்பாங்க. கயிறு எட்டற தூரத்துல இருந்துச்சு. இழுத்தேன்."

"ஏழு தடவைன்னு எண்ணிக்கிட்டே இழுத்தியா?"

"யாரு சார் எண்ணினா? உசுரைக் கையில பிடிச்சுக்கிட்டு இழுத்தேன்."

"கையைக் காட்டு."

கொத்தனார் இரண்டு கைகளையும் நீட்டினார். இன்ஸ்பெக்டர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது கை இல்லைய்யா, செங்கல். இதுல கயிறு பட்டாலும் தெரியாது, ரம்பம் பட்டாலும் தெரியாது," என்றார். முதல் தடவையாக அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

போதகர் எழுந்து வந்து கொத்தனாரின் தோளைத் தொட்டார். "அவசரப்பட்டு அற்புதம்னு சொல்லிட்டேன் தம்பி. நீ நின்ன இடம் எங்க யார் கண்ணுக்கும் படல. சபையார்கிட்ட நானே போய்ச் சொல்றேன்."

கொத்தனார் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மனைவி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தபடி, "எங்கிட்டகூடச் சொல்லலியே நீங்க," என்றாள்.

இன்ஸ்பெக்டர் வாக்குமூலத்தை எழுதி முடித்து, தாளைக் கொத்தனார் பக்கம் தள்ளினார். "விசாரணை நடக்கத்தான் செய்யும். ஆனா இருநூறு உயிரைக் காப்பாத்தினவனைச் சட்டுன்னு யாரும் உள்ளே தள்ள மாட்டாங்க. நல்லா படிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடு. பொய்யின்னு தெரிஞ்சா தண்டனை ரெண்டு மடங்கு."

கொத்தனார் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றவே அவருக்கு நேரம் பிடித்தது.

அப்போது கோயில்பிள்ளை உள்ளே வந்தார். சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. தோளில் ஒரு சாக்குப்பை. ஜன்னல் வழியே ஒரு தடவை பார்த்தார். பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டார். பிறகு பையைத் தரையில் இறக்கி வைத்தார்.

"மன்னிக்கணும் ஐயா, உங்ககிட்ட சொல்லாமப் போயிட்டேன். நேத்து சாயங்காலம் மணிக்குள்ள தொங்கி அடிக்கிற நாக்கு அறுந்து விழுந்துடுச்சு. ஞாயித்துக்கிழமை இங்க பட்டறை எல்லாம் மூடியிருக்கும்னு டவுனுக்குத் தூக்கிட்டுப் போனேன்."

சாக்கின் வாயை அவிழ்த்தார். உள்ளே முழங்கை நீளத்துக்கு ஒரு இரும்புத் தடி, நுனியில் உருண்டையோடு, வெல்டிங் வைத்த இடம் இன்னும் நீலம் மாறாமல் கிடந்தது.

"இப்பதான் ஒட்டிக் கொடுத்தாங்க. இது எங்கிட்ட இருக்கும்போது அங்க மணி எப்படி ஐயா அடிச்சுது?"